பேராசைப் படங்கள்: பழைய குற்றப் படங்களைப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

கொலை நடக்கிறது, கொன்றது யார் என்று துப்பறிகிறவர் தேடுகிறார், கடைசி ரீலில் ஆள் அகப்படுகிறான். குற்றப் படம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இதுதான். இதற்குப் பக்கத்து வீட்டில் இன்னொரு வகை குடியிருக்கிறது. அதில் குற்றவாளி யார் என்பது பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்துக்குள் நமக்குத் தெரிந்துவிடும். அவன் கத்தி தூக்கும் ரௌடியாகவும் இருக்கமாட்டான். இன்சூரன்ஸ் ஏஜென்ட், வக்கீல், கம்பெனிக் கூட்டாளி, மாதச் சம்பளக்காரனின் மனைவி, பெரியவர் எப்போது கண்மூடுவார் என்று காத்திருக்கும் சொந்தக்காரன் என்று நாம் தினமும் வணக்கம் சொல்லும் ஆட்கள்தான். ஒரு தொகை கண்ணில் படுகிறது. ஒரே ஒரு பொய் சொன்னால் அது கைக்கு வந்துவிடும் என்று தோன்றுகிறது. அந்தப் பொய்யைக் காக்க இரண்டாவது பொய், இரண்டாவதைக் காக்க ஒரு கொலை. 1940-களிலும் 50-களிலும் அமெரிக்காவில் இப்படிப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாக வந்தன. பிரெஞ்சு விமர்சகர் நீனோ ஃபிராங்க் 1946-ல் அவற்றை ‘ஃபிலிம் நுவார்’ என்று குறிப்பிட, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

முடிவு தெரிந்த கதையை எதற்காகப் பார்க்க வேண்டும்? அமெரிக்காவில் 1934 முதல் கண்டிப்பாக அமலுக்கு வந்த ஹேஸ் தணிக்கை விதிகளின்படி, குற்றம் செய்தவன் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது. தமிழிலும் தணிக்கை, ரசிகர் மனம் இரண்டுமே அந்த முடிவைத்தான் கேட்டன. ஆகவே ‘மாட்டுவானா’ என்ற கேள்விக்கே இடம் இல்லாமல் போய்விட்டது. கதை எழுதுகிறவர்களுக்கு மிஞ்சியது வேறொரு கேள்வி: எந்த இடத்தில் மாட்டுவான்? அவன் போட்ட கணக்கில் எந்தப் புள்ளி தப்பு? எழுதியவர்களின் திறமை முழுக்க அந்த இடத்தில்தான் இறங்கியிருக்கிறது. இந்தப் படங்களின் ருசியும் அங்கேதான்.

பில்லி வைல்டர் இயக்கிய ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) இதற்குச் சரியான பாடம். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவன் இரவில் தன் அலுவலகத்துக்குத் தள்ளாடி வந்து, குரலைப் பதியும் டிக்டாஃபோனை எடுத்து, கொன்றது நான்தான் என்று சொல்லிவிடுவதில்தான் படமே தொடங்குகிறது. பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் செய்தேன், இரண்டுமே கிடைக்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறான். பிறகு பின்கதை. அந்தப் பெண்ணின் கணவன் கார் இன்சூரன்ஸ் தாள் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறான். உண்மையில் அவன் கையெழுத்துப் போட்டது 50,000 டாலர் விபத்துப் பாலிசியில். ரயிலில் நேரும் விபத்து என்றால் தொகை இரட்டிப்பு, 1,00,000. நடுவில் கணவனுக்குக் கால் முறிகிறது. திட்டத்தை அதற்கேற்ப வளைத்து, அந்த ஊன்றுகோலையே துணைக்கு வைத்துக்கொண்டு காரியத்தை முடிக்கிறார்கள். சாட்சி இருக்கிறது, ரயில் டிக்கெட் இருக்கிறது, எல்லாம் பொருந்துகிறது. ஆனால் கிளெய்ம்களைப் பார்க்கும் அதிகாரிக்குச் சாப்பிட்டது செரிக்கவில்லை. விபத்துப் பாலிசி எடுத்திருந்த மனிதன், கால் முறிந்தபோது ஏன் ஒரு சல்லிக்காசுகூடக் கேட்கவில்லை?

அந்த ஒரு கேள்வியில் படம் திரும்புகிறது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போய், ஊர் திரும்பிய ஏஜென்ட்டின் பேரேட்டை வரி வரியாக ஒத்துப் பார்த்த தலைமுறைகள் வாழ்ந்த ஊர்களில் இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. எழுதியிருக்கும் வரியைச் சரிபார்ப்பது பாதி வேலை. எழுதியிருக்க வேண்டிய வரி ஏன் இல்லை என்று கேட்பது மீதிப் பாதி. அந்த அதிகாரி செய்வது இரண்டாவது வேலை. செட்டிநாட்டில் கணக்குப் பழகிய வீட்டுப் பெரியவர்களை இந்தப் படத்தின் முன் உட்காரவையுங்கள். மொழி புரியாவிட்டாலும் படம் புரிந்துவிடும்.

இந்த வகைப் படங்களில் ஏறக்குறைய எப்போதும் ஒரு தாள் இருக்கும். பாலிசி, உயில், புரோநோட்டு, கூட்டு வியாபாரப் பத்திரம், வங்கி லாக்கர் ரசீது, ஏதோ ஒன்று. கத்தியும் துப்பாக்கியும் பின்னால்தான் வரும். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற திருமணப் பத்திரம் எழுதிக் கையெழுத்து வைக்கும் வழக்கமுள்ள வட்டாரத்தில், ஒரு கையெழுத்து எவ்வளவு எடையுள்ளது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். படம் பார்க்கத் தொடங்குகிறவர் முதலில் பழக வேண்டியது இதுதான்: முகத்தைப் பார்ப்பதற்கு முன் தாளைப் பாருங்கள். தொகை எவ்வளவு என்று முதல்முறை யார் வாயிலிருந்து வருகிறது? தாள் யார் கையில் இருக்கிறது? அது இருப்பது யாருக்குத் தெரியாது? இந்த மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டே போனால், பாத்திரங்களின் பெயர் மறந்தாலும் கதை நழுவாது. முதல் பொய் எந்த நிமிடத்தில் சொல்லப்படுகிறது என்றும் குறியுங்கள். நன்றாக எழுதப்பட்ட படத்தில் கடைசியில் கழுத்தை இறுக்குவது பெரும்பாலும் அந்த முதல் பொய்தான். பின்னால் சொன்ன பெரிய பொய்கள் அல்ல.

ஏமாற்றிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் நாம் குற்றவாளியின் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். அவன் வியர்த்தால் நமக்கும் வியர்க்கிறது. தப்பித்துவிடமாட்டானா என்றுகூட மனம் ஒரு நொடி நினைக்கிறது. அப்படி நம்மை நினைக்கவைப்பதுதான் இந்தப் படங்களின் பெரிய பலம் என்பது எங்கள் கணிப்பு. மற்றதில் படம் நம்மையே ஏமாற்றுகிறது. அது நியாயமான ஏமாற்றா என்று சோதிக்க வழி எளிது: உண்மை தெரிந்தபின் படத்தை மறுபடி ஓட்டுங்கள். தடயம் ஏற்கெனவே திரையில் கண்ணெதிரே இருந்து, நாம் வேறெங்கோ பார்த்திருந்தால் அது நல்ல படம். கடைசி ரீலில் திடீரென்று முளைத்த இரட்டைச் சகோதரனைக் காட்டி முடித்தால் அது கைவேலை குறைந்த படம்.

தமிழில் எங்கிருந்து தொடங்குவது

காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு ஸ்டுடியோ இருந்தது என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் ‘நாம் இருவர்’ (1947), ‘வேதாள உலகம்’ (1948) படங்களை அங்கேதான் எடுத்தார். 1948-ல் ஏவிஎம் கோடம்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அந்த நிறுவனம் எடுத்த ‘அந்த நாள்’ (1954) தமிழ்க் குற்றப் படங்களில் எவரும் தவிர்க்கக் கூடாத ஒன்று. இயக்கியவர் வீணை வித்வான் எஸ். பாலச்சந்தர், திரைக்கதை எழுதி, துப்பறியும் அதிகாரியாக நடித்தவர் ஜாவர் சீதாராமன். பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு போட்ட நிகழ்ச்சியை ஒட்டிக் கதை நடக்கிறது. சிவாஜி கணேசன் படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுந்துவிடுகிறார். அதற்குப் பிறகு அவரை நாம் பார்ப்பது மற்றவர்கள் வாக்குமூலங்களின் வழியாகத்தான். பக்கத்து வீட்டுக்காரர், மனைவி, பங்கு கேட்டுச் சண்டை போட்ட தம்பி, தம்பி மனைவி, இன்னொரு பெண் என்று ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் வேறொரு சிவாஜி. கவனிக்க வேண்டியது: ஒவ்வொருவரும் சொல்வதில் எது பொய் என்பதைவிட, அந்தப் பொய்யால் அல்லது ஊகத்தால் யாருக்கு என்ன லாபம் என்பது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் பாதி முகம் இருட்டில் இருக்கும் காட்சிகளில் அந்த லாபக் கணக்கு தெரியும்.

அதற்கு அடுத்துப் பாலச்சந்தர் இயக்கிய ‘பொம்மை’ (1964). பணத்துக்காகத் தீட்டிய கொலைத் திட்டம், வெடிகுண்டு வைத்த நடக்கும் பொம்மை, அது போகவேண்டிய கையை விட்டு வேறு வேறு கைகளுக்குப் போவது. நமக்குக் குண்டு இருப்பது தெரியும், பொம்மையைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்களுக்குத் தெரியாது. படத்தின் இழுவிசை அந்த ஒரே இடைவெளியில் நிற்கிறது. ஜேசுதாஸ் தமிழில் பாடத் தொடங்கியது இந்தப் படத்தில்தான். மூன்றாவது, ‘நடு இரவில்’ (1970). நோயில் விழுந்த பணக்காரரின் மாளிகைக்கு, பல வருடம் எட்டிப் பார்க்காத உறவுகள் சொத்தை நினைத்து வந்து கூடுகின்றன, ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அகதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற தீவு நாவலின் சாயல். ஒரே வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டில்) ஏழெட்டுப் பங்காளிகளுக்கு அறை பிரித்த வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அந்தச் சாப்பாட்டு மேசைப் பேச்சில் எந்த வார்த்தை பாசம், எந்த வார்த்தை பத்திரம் என்று சட்டென்று பிடிபடும். இன்னும் பழசு வேண்டுமென்றால் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘திகம்பர சாமியார்’ (1950): வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலிலிருந்து வந்தது, எம்.என். நம்பியார் பல வேடம் கட்டி ஒரு வஞ்சக வக்கீலை மடக்குகிறார். நடை மெதுவாக இருக்கும். அதனால் அதை முதலில் எடுக்காதீர்கள்.

ஏன் அரிதாகிப் போயின

ஏறக்குறைய 1950-களின் தொடக்கம் வரை சினிமாச் சுருள் நைட்ரேட் வகை. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. எரியாமல் தப்பினாலும் காலப்போக்கில் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். பிறகு வந்த அசிடேட் சுருள் எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் வெக்கையிலும் ஈரத்திலும் வினிகர் வாடை அடித்துச் சுருங்கும். கறுப்பு வெள்ளைப் பிம்பம் என்பதே வெள்ளித் துகள்தான். ஓடி முடித்த பிரதிகளை வெள்ளிக்காகக் கரைத்து விற்றவர்கள் உலகம் முழுக்க உண்டு, இங்கேயும் உண்டு. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-ல்தான். பெரிய படங்களுக்கே இந்தக் கதி என்றால், இரண்டாம் படமாக ஒட்டிக்கொண்டு ஓடிய சிறு பட்ஜெட் குற்றப் படங்களை யார் பத்திரப்படுத்தியிருப்பார்கள்?

அமெரிக்கப் படங்களுக்கு இன்னொரு சிக்கல். 1964-க்கு முன் வெளியான படத்தின் பதிப்புரிமையை 28-ஆம் ஆண்டில் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத படம் பொதுச்சொத்தாகி, ஆளாளுக்குப் பிரதியின் பிரதியைப் பிரதி எடுத்து விற்றார்கள். ‘டூ லேட் ஃபார் டியர்ஸ்’ (1949) அப்படிச் சிதைந்த படம். இரவில் மலைப்பாதையில் போகும் தம்பதியின் காருக்குள், எதிரே வந்த காரிலிருந்து ஒரு பை வந்து விழுகிறது; உள்ளே 60,000 டாலர். போலீசில் கொடுத்துவிடலாம் என்கிறான் கணவன். வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் மனைவி. பேராசைக் கதையை இதைவிடச் சுருக்கமாகத் தொடங்க முடியாது. ஆனால் பல வருடம் மங்கிய, கிழிந்த பிரதிகளில் மட்டுமே அது கிடைத்தது. யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் திரைப்பட ஆவணக் காப்பகமும் ஃபிலிம் நுவார் அறக்கட்டளையும் சேர்ந்து மீட்டெடுத்த பிறகுதான் நிழலும் வெளிச்சமும் ஒழுங்காகத் தெரிந்தன. இன்றும் இணையத்தில் முதலில் அகப்படுவது பழைய மங்கல் பிரதியாக இருக்கலாம். ஐந்து நிமிடம் பார்த்து, கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்திருந்தால் வேறு பிரதி தேடுங்கள். இந்த வகைப் படத்தை மோசமான பிரதியில் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று ஒதுக்குகிறவர்கள்தான் அதிகம்.

உங்கள் பிரதி முழுசா, குறையா

இதைத் தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 கட்டம். நொடிக்கு 24 கட்டம் ஓடும். ஆக, நொடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. இந்தியப் படங்களின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் நீளமும் ரீல் எண்ணிக்கையும் இருக்கும். படத்தை நிறுத்திவைத்து அந்த நீளத்தைக் குறித்துக்கொண்டு 90-ஆல் வகுங்கள். 14,400 அடி என்று இருந்தால் 160 நிமிடம் ஓட வேண்டும். மீட்டரில் இருந்தால் நிமிடத்துக்கு 27.4 மீட்டர் என்று வகுங்கள்.

உங்கள் கையில் இருப்பது 153 அல்லது 154 நிமிடம் என்றால் பதற வேண்டாம். டிவிக்காக நொடிக்கு 25 கட்டமாக வேகப்படுத்தினால் 4 சதவீதம் சுருங்கும். குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறியிருக்கும், அதுவே அடையாளம். 138 நிமிடம் என்றால் 22 நிமிடம் காணோம். 2,000 அடி ரீல் ஒன்று சரியாக அவ்வளவுதான் ஓடும். ஒரு முழு ரீலே தொலைந்திருக்கிறது. 1,000 அடி ரீல் என்றால் 11 நிமிடம். ஐந்து, எட்டு என்று ஒழுங்கில்லாமல் குறைந்தால் பாட்டையோ சண்டையையோ நறுக்கியிருப்பார்கள். குற்றப் படத்தில் இது பெரிய நஷ்டம். காதல் படத்தில் ஒரு ரீல் போனாலும் கதையை ஊகித்துவிடலாம். இங்கே தாள் கைமாறும் அந்த அரை நிமிடம் போய்விட்டால் மீதிப் படம் புரியாது, குறை பிரதியினுடையது என்று தெரியாமல் இயக்குநரைத் திட்டுவோம்.

எந்தப் பாட்டு வெட்டப்பட்டது என்று கண்டுபிடிக்கத் தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம் உதவும். பாட்டு வரிசை, நடிகர் பட்டியல், பாதியில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும் கதைச் சுருக்கம் எல்லாம் அதில் இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். தொலைந்துபோன படத்துக்குச் சில சமயம் அந்த எட்டுப் பக்கம்தான் மிச்சம். பரணில் ஃபிலிம் டப்பாவே அகப்பட்டால் ஆர்வத்தில் பிரித்து ஓட்டிப் பார்க்கக் கூடாது. சுருங்கிய ஃபிலிம் புரொஜெக்டரின் பல்லில் மாட்டினால் துளை ஓரம் முழுக்கக் கிழியும். வெளிச் சுற்றின் ஓரத்தைப் பாருங்கள்: ‘நைட்ரேட்’ என்று ஆங்கில எழுத்து இருந்தால் விளக்கு, அடுப்பு, வெயில் மூன்றிலிருந்தும் தள்ளி வைத்துவிட்டு ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். ‘சேஃப்டி’ என்று இருந்தால் தீப் பயம் இல்லை, ஆனால் வினிகர் வாடை வந்தால் மற்ற டப்பாக்களிலிருந்து பிரித்து வையுங்கள்.

டிவியிலும் வளவிலும்

புது டிவிகளில் செய்யவேண்டியது நாலு மாற்றம்தான். ‘விவிட்’ முறையை அணைத்து ‘சினிமா’ முறையை வையுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணையுங்கள். இல்லாவிட்டால் 1954-ஆம் வருடப் படம் மெகா சீரியல் மாதிரி தெரியும். கூர்மையைக் குறையுங்கள், கூட்டினால் ஃபிலிமின் மணித்துகள் எறும்பு ஊர்வதுபோல் நெளியும். திரை முழுக்க நிரப்ப வேண்டும் என்று பெரிதாக்காதீர்கள். பழைய படத்தின் அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு, அகலத்திரைக்கு இழுத்து நிரப்பினால் மேலும் கீழுமாக ஏறக்குறைய 23 சதவீதப் படம் வெட்டுப்படும். மேசையில் கிடக்கும் தாளும், கையெழுத்துப் போடும் விரலும் பெரும்பாலும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கும்.

நாலைந்து குடும்பம் சேர்ந்து செட்டிநாட்டு வீட்டிலேயே புரொஜெக்டர் வைத்துப் பார்ப்பது மிக நல்ல ஏற்பாடு, ஆனால் அந்த வீடுகள் இந்தப் படங்களுக்கு இரண்டு விதத்தில் ஒத்துவராது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு திரையின் வெளிச்சத்தைத் திரும்பத் திரைமீதே அடிக்கும். நிழல் எல்லாம் வெளிறிப் போகும். திரைக்கு இருபுறமும் ஆறடி தூரத்துக்குக் கறுப்புத் துணியோ கெட்டியான போர்வையோ தொங்கவிட்டால் இது பெரிதும் சரியாகும். இரண்டாவது, ஆத்தங்குடிக் கல்லும் வழுவழுச் சுவரும் குரலை எதிரொலித்து வசனத்தைக் குழப்பும். ஜமக்காளம் விரித்து, ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வைக்காமல் முதல் வரிசைக்கு நாலடி முன்னால் வைத்து, ஒலியைக் குறைவாக வையுங்கள். கூர்மையான ஒலியை ஏற்றாதீர்கள். அந்தக் காலத்து ஒலிப்பாதையில் அந்த உயரத்தில் வசனமே இல்லை, இரைச்சல்தான் கூடும்.

வளவின் முற்றம் திறந்து கிடப்பதால் சூரியன் மறைந்து முக்கால் மணி நேரமாவது கழித்துத் தொடங்க வேண்டும். முகப்பு விளக்கையும் அணைத்துவிடுங்கள். சாதாரண புரொஜெக்டருக்குத் திரை அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் வேண்டியிருக்கும்: 8 அடி அகலத்துக்கு 12 அடி. ஆனால் அந்த 8 அடிக்குள் பழைய படம் ஆறடிக்குச் சற்று மேல் மட்டுமே நிரப்பும். தூண்களுக்கு இடையே துணி கட்டும்போது அதைக் கணக்கில் கொள்ளுங்கள். ‘அந்த நாள்’ படத்தோடு தொடங்குங்கள். பாட்டு இடைவெளி இல்லாததால் காபி, பலகாரத்தைப் படத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. படம் முடிந்ததும் ஆளுக்கொரு காகிதம் கொடுத்து, யார் சொன்னதை எந்த இடத்தில் நம்பினீர்கள், எந்த இடத்தில் நம்பிக்கை விட்டது என்று எழுதச் சொல்லிவிட்டு, அந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே வாரத்தில் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.